வெளியே அனுப்பிய பிள்ளையை யார் தேடிப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 21 நெருங்கும்போதெல்லாம் பள்ளிவாயல் சம்மேளனங்களும் உலமாக்களும் விடுகிற கண்டன அறிக்கைகள் பத்திரிகைகளில் வருகின்றன. வர வேண்டியவைதான். 2019இல் அந்த ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்களிலும் எங்கள் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகளில் 260க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற குழந்தைகள். அதைக் கண்டிக்காத வாய் நமக்கு வேண்டாம். ஆனால் அறிக்கை என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. நடப்பதற்கு முன்னால் ஒரு பள்ளிவாயல் தலைவரால், ஒரு மௌலவியால், மஹல்லாவில், அதாவது பள்ளிவாயலைச் சேர்ந்த பகுதியில், மதிப்புள்ள ஒரு பெரிய மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி நமக்குள் பேச்சு மிகக் குறைவு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஏறாவூரில் ஒரு பள்ளிவாயலின் நம்பிக்கையாளர் சபையில் இருக்கிறேன். அந்த இடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் அதில் ஒரு பகுதியை யாரும் நின்று பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதில் காத்தான்குடியில் ஓர் அரபுக் கல்லூரிக்குப் போனவர். நல்ல ஞாபகசக்தி, குர்ஆனை மனனம் செய்தவர். பிறகு உஸ்தாதுமாரோடு வாக்குவாதம், அவர்கள் மார்க்கத்தில் தளர்ந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு. 2005இல் கல்லூரி அவரை விலக்கியது. அடுத்த வருடம் ஒரு பள்ளிவாயலில் சேர்ந்தார், பயான் என்கிற மார்க்கப் பிரசங்கம் செய்தார். அங்கும் மோதல். 2009இல் கொஞ்சக் காலம் பேசக் கூடாது என்று நிர்வாகம் கடிதம் கொடுத்தது, அவர் வெளியேறினார். அப்புறம் சொந்தமாக ஒரு ஜமாஅத், அதற்கென்று ஓர் இடம், ஒலிபெருக்கி, முகநூல். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் ஸூபி வழியினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு தலைமறைவு.

கல்லூரி செய்ததும் சரி, பள்ளிவாயல் செய்ததும் சரி. அந்தப் பேச்சை மிம்பர் என்கிற பிரசங்க மேடையில் ஏற விடாமல் தடுத்தது அவர்களின் கடமை. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு முறையும் கதவு சாத்தப்பட்ட மறுநாள், அந்த இளைஞன் எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான், அவன் பின்னால் எந்தப் பிள்ளைகள் போகிறார்கள் என்று பார்க்க யாராவது ஒருவர் பொறுப்பாக இருந்தாரா? நம் ஊர்களில் ஒருவரை விலக்கினால் அத்தோடு அவர் கணக்கு முடிந்தது. “அவன் எங்கட ஆள் இல்ல” என்று சொல்லிவிடுவோம். விலக்கப்பட்டவனுக்கோ அதுவே முதல் தகுதியாகிவிடுகிறது. “சத்தியத்தைச் சொன்னேன், துரத்திவிட்டார்கள்” என்று சொல்லி அவன் அடுத்த கூட்டத்தைச் சேர்க்கிறான். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். வகுப்பறையில் பல வருடம் நின்றவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

முஸ்லிம்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது உண்மை இல்லை. காத்தான்குடி மக்கள் முறைப்பாடு கொடுத்தார்கள், ஊர்வலமும் போனார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் உபதலைவர் ஹில்மி அஹமட், மூன்று வருடங்களுக்கு முன்பே பெயர் விபரங்களோடு இராணுவப் புலனாய்வுக்குக் கொடுத்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. யாரும் அசையவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராகவும் புலனாய்வுத் தலைவராகவும் இருந்தவர்கள் தலா 7.5 கோடி. அரசின் பிழை சட்டப்படி நிரூபணமாகிவிட்டது. அதைச் சொல்லிக்கொண்டே நம் பங்கை மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. முறைப்பாட்டுக் கடிதம் போட்டதும் நம் வேலை முடிந்தது என்றால், மாவனெல்லையில் ஒரு மனிதர் செய்ததற்கு என்ன பெயர்?

அவர் முகம்மது ராசிக் தஸ்லீம். ஓர் அமைச்சரின் இணைப்புச் செயலாளராக இருந்தவர், ஊர்க் காரியங்களில் முன்னுக்கு நின்றவர். 2018 டிசம்பர் கடைசியில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த வருடம் மார்ச்சில்தான் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் பள்ளிவாயல்களும் கடைகளும் எரிந்திருந்தன. இன்னொரு தீ வைக்க ஒரு சின்ன நெருப்பே போதும் என்ற நிலை. அந்த நேரத்தில் தஸ்லீம் “நம் பிள்ளைகள் செய்திருக்க மாட்டார்கள்” என்று சொல்லி வீட்டுக்குள் இருக்கவில்லை. தேடப்பட்ட இளைஞர்கள் யார், எங்கே போனார்கள் என்று பொலிஸாரோடு சேர்ந்து தேடினார். அந்தத் தேடல்தான் 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் நூறு கிலோ வெடிபொருளில் போய் நின்றது. மார்ச்சில், மனைவியும் பிள்ளையும் பக்கத்தில் தூங்கும்போது வீட்டுக்குள் புகுந்து அவர் தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், ஆனால் உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்துபோனது. ஏப்ரல் குண்டுகள் வெடித்தபோது அவர் படுக்கையில் இருந்தார்.

நம் பயான்களில் அவர் பெயரை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஜும்ஆவில் ஒரு தடவைகூட இல்லை. நபிகள் காலத்துப் போர்களான பத்ரையும் உஹதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். நம் காலத்தில் நம் நாட்டில் அயலவர் உயிரைக் காக்கப் போய்த் தலையில் சூடு வாங்கிய ஒரு முஸ்லிமை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?

ஆனாலும் தஸ்லீம் வந்து சேர்ந்தது கடைசிக் கட்டத்தில். சிலை உடைந்த பிறகு. அதற்கும் பல வருடங்களுக்கு முன், இன்னும் எதுவுமே உடையாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை நான் எங்கள் பள்ளிவாயலிலேயே பார்த்தேன். அப்போதைய தலைவரை நாங்கள் எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், பெரிய படிப்பாளி இல்லை.

2016ஆம் வருடம் என்று நினைக்கிறேன். ஒரு தாய் ஹாஜியாரின் வீட்டுக்கு வந்தார். முன்வாசலால் வரவில்லை, குசினிப் பக்கமாக வந்து அவருடைய மனைவியிடம் அழுதிருக்கிறார். “என்ட மகன் வாப்பாவையே முஷ்ரிக் எண்டு சொல்றான் ராத்தா. அவர் ஆக்கின சோத்தக்கூடத் தின்னுறானில்ல.” முஷ்ரிக் என்றால் அல்லாஹ்வுக்கு இணைவைப்பவர். வாப்பா அவுலியாக்கள் பேரில் நடக்கும் கந்தூரி விருந்துக்குப் போய் வந்தவர், அதுதான் காரணம். பையனுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் வர்த்தகப் பிரிவில் எழுதியவன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. எங்கள் இமாமுக்குப் பின்னால் தொழுதால் தொழுகை சேராது என்று ஹவுள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகத் தொழ ஆரம்பித்திருந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

சபைக் கூட்டத்தில் விஷயம் வந்தது. “பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ஹாஜியார் கடைசிவரை கேட்டுவிட்டு, “அவன் என்ட கடைக்கு வரட்டும்” என்றார். மறுநாளே கூப்பிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கடன் கொப்பி எழுதித் தரச் சொன்னார். சம்பளம் பேசினார். மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடன் கொப்பியில் பாதிப் பெயர் பக்கத்துத் தமிழ் ஊரான செங்கலடி மேசன்மாருடையது. சீமெந்து, கம்பி, கூரைத்தகடு. கொஞ்ச நாளில் பையன் கேட்டிருக்கிறான், “காபிர்களுக்கு ஏன் இவ்வளவு கடன் குடுக்கிறீங்க மாமா?” என்று. ஹாஜியார் ஒரு பெயரில் விரலை வைத்து, “இவருக்கு மாரி மழையில வேல இல்ல மகன். தை பிறந்தா கொண்டுவந்து தருவார். ஒரு வருசமும் தராம விட்டதில்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாராம். அதற்கு மேல் அன்று பேச்சில்லை.

இங்கே ஏறாவூரைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். சுமார் ஒரு வாரத்தில், 11ஆம் திகதி இரவு, எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகப் புகுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஹாஜியாரின் தம்பியும் அதில் போனவர். பையனுக்கு அது தெரியும், ஊரில் தெரியாதவர் இல்லை. ஒருநாள் அவனே அதை எடுத்துக் கேட்டான்: தம்பியை வெட்டியவர்களோடு எப்படி வியாபாரம் செய்கிறீர்கள்? ஹாஜியார் சொன்ன பதிலை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “என்ட தம்பிய வெட்டினவனும் தமிழன்தான். இந்த மேசன் வெட்டல்ல. ரெண்டு பேரையும் ஒண்டாக்கினா அண்டைக்கு வந்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனும் அப்பிடித்தான் எங்கள எல்லாம் ஒண்டாக்கினான்.”

இதை ஒரு மௌலவி மிம்பரில் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை காதில் வாங்கியிருக்காது. தம்பியை இழந்தவர், கடையில் உட்கார்ந்து, பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு சொன்னார். அதனால் கேட்டது.

மார்க்கப் பக்கத்தையும் ஹாஜியார் விடவில்லை. தனக்கு அது முடியாது என்று அவருக்குத் தெரியும். ஜாமிஆ நளீமிய்யாவில் மார்க்கம் படித்த எங்கள் ஊர் நளீமி ஒருவரைப் பிடித்து, இஷாத் தொழுகைக்குப் பிறகு பையனோடு உட்காரச் சொன்னார். பையனின் போனில் குர்ஆன் ஆயத்துகளும் (வசனங்களும்) நபிமொழிகளான ஹதீஸ்களும் படம் படமாக இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு வரி. அவன் அடிக்கடி காட்டியது தவ்பா சூராவின் ஐந்தாவது ஆயத், இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று வருவது. நளீமி கோபப்படவில்லை. குர்ஆனைக் கையில் கொடுத்து, “ஆறாவதையும் நீயே வாசி” என்றார். இணைவைப்பவர்களில் ஒருவர் உன்னிடம் பாதுகாப்புக் கேட்டால் கொடு, அல்லாஹ்வின் வார்த்தையை அவர் கேட்கட்டும், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்று அதில் இருக்கிறது. பையன் அதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அன்றைக்கே மாறிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். மாதக்கணக்கில் போனது. நடுவில் கோபித்துக்கொண்டு கடைக்கு வராமல் இருந்தான், ஹாஜியார் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார். பிறகு ஒருநாள் ஸப்பில், எங்களோடு தொழுகை வரிசையில், வந்து நின்றான். இப்போது கட்டாரில் வேலை. வாப்பாவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறான். அவனோடு தனியாகத் தொழுத இருவரில் ஒருவனின் குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. அவனைப் பற்றிய கவலை ஹாஜியாருக்கு இன்னும் இருக்கிறது.

நீளமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு பிள்ளையின் பின்னால் மாதக்கணக்கில் போகிற பொறுமை. மேடையில் முன்வரிசை நாற்காலியும் மாலையும் கிடைக்காத வேலை இது.

அந்தத் தாய் குசினி வாசலால் வந்ததை நான் மறக்கவே மாட்டேன். வீட்டில் ஒரு பிள்ளை மாறுவதை முதலில் காண்பவர் உம்மா. டீவியை நிறுத்தச் சொல்கிறான், சுவரில் இருந்த படத்தைக் கழற்றுகிறான், தங்கச்சியின் படிப்பை நிறுத்தச் சொல்கிறான், பழைய கூட்டாளிகளை விடுகிறான். இவற்றில் சில சாதாரண மார்க்கப் பற்றாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் நல்ல பிள்ளைகளையும் விரட்டிவிடுவோம். எது எது என்று பிரித்துப் பார்க்க உம்மாவிடம்தான் கேட்க வேண்டும். நம் பள்ளிவாயல் சபைகளிலோ பெண் ஒருவரும் இல்லை. ஒரு தாய் தன் பயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தலைவரின் மனைவியைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் யாரிடம் போவார்கள்? பொலிஸுக்கா? போனால் மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எந்தத் தாயும் பயப்படுவார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கிழக்கில் இன்னொரு சங்கடம். இங்கே வீடு மகளுக்கு. மகன் கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்கு, வேறு மஹல்லாவுக்குப் போகிறான். சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்த பள்ளிவாயல் அவனைக் கைவிடுகிறது, புதிய பள்ளிவாயலுக்கு அவன் மாப்பிள்ளை மட்டும்தான். நிகாஹ் பதிவுக்குக் கடிதம் கொடுக்கும்போதாவது இரண்டு தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம்.

வறுமைதான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2016 நவம்பரில் அன்றைய நீதியமைச்சர், வசதியும் படிப்பும் உள்ள குடும்பங்களைச் சேர்ந்த 32 பேர் சிரியாவுக்குப் போயிருப்பதாகப் பாராளுமன்றத்தில் சொன்னார். அப்போது சமூகத்தில் பலருக்கு அது அவதூறாகவே பட்டது. ஈஸ்டர் தினத்தில் வெடித்தவர்களில் கோடீஸ்வர வாசனைத்திரவிய வியாபாரியின் இரண்டு மகன்கள் இருந்தார்கள், இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்த ஒருவர் இருந்தார். தையல் மெஷினும் சுயதொழில் கடனும் கொடுத்து இதைத் தடுத்துவிடலாம் என்று கருத்தரங்கு நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் காயம் உண்டு. அதைப் பேசாமல் எந்தத் தலைவரும் இளைஞர்களிடம் போய் நிற்க முடியாது. திகன, பிறகு 2019 மே மாதக் கலவரம். கொரோனாவில் இறந்த நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள், அதுவும் நாடு முழுவதும் இருந்து ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து. இங்கிருந்து அது தூரமில்லை, இராணுவ வாகனங்கள் வந்ததை நாங்கள் பார்த்தோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்லது. ஆனால் தன் உம்மும்மாவை நெருப்பில் கொடுத்த பேரனுக்கு அதுவரையான வருடங்களில் என்ன நடந்திருக்கும்? தீவிரவாதத்தை எதிர்த்துத் தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமை, அந்தக் கவிதைகளையே சாட்டாக வைத்து 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து பிணையில் வந்தார், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலை. போன வருடங்களில் நடந்ததுதான் அப்படி என்றால், 2025 மார்ச்சில் காஸாவுக்காக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பிள்ளையையும் அதே சட்டத்தில் பிடித்தார்கள். காஸாவைப் பார்த்துக் கொதிக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? கோபம் வேறு, கொலைக்கு ஆள் சேர்ப்பது வேறு. அரசுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால், தெரிந்த நாம் எழுந்து சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்காக நீதிமன்ற வாசலில் போய் நிற்கிற தலைவரின் சொல்லைத்தான் நாளைக்கு இன்னொரு பிள்ளை கேட்கும். பொலிஸ் வந்தால் ஒளிந்துகொண்டு, அமைச்சர் வந்தால் முன்னுக்கு வருகிற தலைவரை எந்த இளைஞனும் மதிக்க மாட்டான்.

துணிவு நம் சாதாரண மக்களிடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில் புதிதாக வந்து தங்கிய ஸஹ்ரானின் கூட்டத்தாரைச் சந்தேகப்பட்டு வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டது யார்? அந்த ஊர் முஸ்லிம்கள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் பொலிஸுக்குத் தகவல் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குள் குழந்தைகளோடு வெடித்தவர்கள் அடுத்து எங்கே போய் வெடித்திருப்பார்கள் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

அதனால் சில விஷயங்களைக் கேட்கிறேன். பள்ளிவாயல் சபைகள், பள்ளிவாயல்களுக்கும் தர்ம சொத்துகளுக்குமான 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ் வருபவை, நம்பிக்கையாளர்களை நியமிப்பது வக்பு சபை. ஒவ்வொரு சபையிலும் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்க வேண்டும் என்று வக்பு சபை சொல்லட்டும். பெண்களின் ஆலோசனைக் குழு ஒன்றும் இருக்கட்டும், தாய்மார் தயங்காமல் வந்து பேச. ஒரு மௌலவியை ஒரு பள்ளிவாயல் மிம்பரிலிருந்து இறக்கினால், ஏன் இறக்கினோம் என்று மாவட்ட சம்மேளனத்துக்கு எழுத்தில் அறிவிக்கட்டும், அவரோடு தொடர்பில் இருக்க ஒரு மூத்த ஆலிமைப் பொறுப்பாக்கட்டும். பொலிஸார் சம்மேளனங்கள் கொடுக்கும் முறைப்பாட்டுக்கு இலக்கம் போட்டு, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் தரட்டும். நம்பிக் கொடுத்த கடிதம் எந்த மேசையில் கிடந்தது என்று இனியொரு விசாரணை ஆணைக்குழு வந்து தேடும் நிலை வரக் கூடாது.

வருகிற நோன்பு முடிந்ததும் எங்கள் பள்ளிவாயலுக்குப் புதிய சபை தெரிவு. மூன்று இடங்களை இளைஞர்களுக்கு விட வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ஹாஜியாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் இடத்தை அதில் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மற்றப் பள்ளிவாயல்களில் என்னைப் போல வயதானவர்களும் இதை யோசித்து, தங்கள் முடிவை இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏறாவூர்.